மின்சாரம் இருக்கும் வரை

இரவு ஒன்று இருபதுக்கு
பசுண்டாங் தெரு முழுக்க ஒரே கூச்சல்:
"மீ லா பீ!"
கரண்ட் வந்துவிட்டது.
பக்கத்து வீட்டு மா கின் உலையேற்றுகிறாள்,
மேல்மாடியில் தண்ணீர் மோட்டார் இருமுகிறது,
நான் இஸ்திரிப் பெட்டியைச் செருகுகிறேன்.

எவ்வளவு நேரம் இருக்கும் என்று
கொடுப்பவனுக்கே தெரியாது.
கரிப்பெட்டி ஒன்று கட்டிலுக்கடியில் கிடக்கிறது.
ஆனால் பூசை அங்கியில் ஒரு பொறி பட்டால் போச்சு.
போன பாஸ்காவுக்குப் பட்டது.
மிளகளவு ஓட்டை.
கோயிலில் ஒருவரும் கவனிக்கவில்லை.
பூசை முழுக்க நான் அதை மட்டுமே பார்த்தேன்.

விடிந்தால் உறுதிபூசுதல்.
மேற்றிராணியார் வருகிறார்.
வெள்ளை அங்கி நாலு,
அவருடைய நீள அங்கி ஒன்று,
அதில் முப்பத்து மூன்று பொத்தான்.

நீள ஜெபம் எனக்கு வராது.
ஐம்பத்துமூன்று மணியில்
இருபதைத் தாண்டுமுன் தலை சாய்ந்துவிடும்.
மனவல்லய ஜெபம்தான் என் கைக்குத் தோது,
பெட்டி ஒருமுறை போய்த் திரும்பும் நேரத்துக்கு ஒன்று.

கழுத்துப்பட்டையில் தொடங்குகிறேன்:
ஆண்டவரே, ரோமையில் பாப்பரசர் இன்றிரவு நன்றாகத் தூங்கட்டும்.
தோள்பட்டை:
கர்தினால்மார் ஒருவர் பேசி முடிக்க மற்றவர் காத்திருக்கட்டும்.
முதுகு அகலம், அதனால் இரண்டு:
மலைப்பக்கம் கூரையில்லாத கோயிலில்
பூசை வைக்கும் சாமியார்மாரை மழை நனைக்காதிருக்கட்டும்.
மழை மட்டுமல்ல,
மேலேயிருந்து விழுகிற எதுவும்.

மேற்றிராணியார் பையில் கைவிட்டேன்.
விடாமல் பெட்டி போட முடியாது, பாவமில்லை.
பிரஷர் மாத்திரை அட்டை,
பத்துக் குழியில் ஏழு காலி.
வருகிற வழியில் எத்தனை சோதனைச்சாவடி
என்று எண்ணிப் பார்த்தேன்.
எழுதி வைத்திருந்த மாதிரி ஒரு ஜெபம் வாய்க்கு வந்தது,
அதை விட்டுவிட்டு,
அவர் பயப்படுகிறார், பக்கத்தில் இரும்
என்றேன்.
பொத்தானுக்குப் பொத்தான் அதையேதான்.
இருபத்தாறாவது பொத்தானில் நூல் தொங்கியது,
தைத்தேன்.

கடைசியில் ரேமன் சாமியார் அங்கி.
வேண்டுமென்றேதான் கடைசி.
என் புருஷன் இஞ்ஞாசிமுத்துவை
"சூசைமுத்து" என்று சொல்லி அடக்கம் செய்தவர்.
ஒரு தடவை அல்ல, மூன்று தடவை.
மோட்ச வாசலில் அந்த மனுஷன்
எந்தப் பெயரைச் சொல்லி நின்றாரோ என்று
நாற்பது நாள் எனக்குத் தூக்கமில்லை.
சாமியார் இன்றுவரை அதை அறியார்.
நான் சொல்லவில்லை.
சொல்லாததைத்தான்
அவருடைய துணியில் இத்தனை வருஷமாக அழுத்தித் தேய்க்கிறேன்.

இடது கை முடிந்தது, ஜெபமில்லாமல்.
வலது கையை விரித்தேன்.
சரி, போகட்டும்,
மேற்றிராணியாருக்குச் சொன்ன வாயால்
இவருக்கும் ஒன்று சொல்லலாம்.
"ஆண்டவரே, ரேமன் சாமியாருக்கு..."

இருட்டு.
தெரு முழுக்க ஒரு பெருமூச்சு.
மா கின் பானையைத் திட்டுகிறாள்.
பெட்டி என் கையில் கொஞ்சம் கொஞ்சமாக ஆறுகிறது.
அவருக்கு என்ன வேண்டும் என்று
எனக்குத் தெரியவில்லை.
விடியும்வரை கரண்ட் வரவில்லை,
அந்த வார்த்தையும்தான்.

காலையில் பூசை.
மேற்றிராணியார் வந்து சேர்ந்தார், பத்து நிமிஷம் தாமதம்,
முப்பத்து மூன்று பொத்தானும் பூட்டி.
நன்மைக்கு நான் நின்ற வரிசை
ரேமன் சாமியாரிடம் போய் முடிந்தது.
அப்பத்தை உயர்த்திய கையில்
முழங்கை வரை சுருக்கம்,
கசக்கிப் போட்ட கடுதாசி மாதிரி.
சுருக்கத்தைப் பார்த்தார்.
என்னைப் பார்த்தார்.
"கிறிஸ்துவின் சரீரம்."

"ஆமென்" என்றேன்.
அப்பத்துக்குச் சொன்னதுதான்.
ராத்திரி பாதியில் நின்றதையும்
அது இழுத்துக்கொண்டு போய்விட்டது.

மூன்று மாதக் கூலி
இன்னும் தரவில்லை.