பூட்டினபடி

காருக்கென்று ஒரு போன் வைத்திருக்கிறேன்.
மூலை வெடித்த பழையது.
விற்றால் மூவாயிரம்கூடத் தேறாது என்றான் கடைக்காரன்,
அப்படியென்றால் காரிலேயே கிடக்கட்டும் என்றேன்.

டேஷ்போர்ட் பெட்டிக்குள்
காப்புறுதிப் பத்திரம், புகைச் சான்றிதழ்,
மாமாங்கத்துத் திருநீறு,
ஒற்றைக் காலுறைக்குள் அது.
காலுறை வெயிலுக்காக.
களுவாஞ்சிகுடி ஆசுபத்திரி வளவில்
மரநிழல் முழுக்க டொக்டர்மாரின் வண்டிகளுக்கு;
லாப்காரியின் அல்டோ
பங்குனியில் அடுப்பேற்றிய தாச்சி.

சிம் செத்துப்போகாமலிருக்க
அவ்வப்போது ஐம்பது ரூபா ரீலோட்.
மாதத்தில் ஒரு ஞாயிறு சார்ஜ்.
அந்த நம்பரை ஒரேயொருத்திக்குத்தான் கொடுத்தேன்.
அவளோடு இப்போது பேச்சில்லை.

செங்கலடியில் அம்மாவின் வளவு.
அளவைக்காரர் பிடித்த கயிறு
கிணற்றுக்கு நாலடி தள்ளிப் போயிற்று.
கிணறு அக்கா பக்கம்.
என் பக்கம் ஒரு தென்னை, தண்ணியில்லை.
அதன்பிறகு கலியாண வீடுகளில்
வேறு வேறு பந்தி.
என் நம்பரை அவள் தடுத்துவைத்திருப்பதை
அத்தானே சொன்னார், மெதுவாக,
காய்ச்சலின் அளவு சொல்வதுபோல.

மார்கழி. கரடியனாற்றில் இரண்டு கிழமை பதில் வேலை.
திரும்பி வருகிறேன், பதுளை வீதி, மழையிருட்டு.
எதிரே லைற்றில்லாத உழவு மெசின்;
விலகினேன்.
முன்சில்லு மதகோரம் வாய்க்காலுக்குள்.
மெசின்காரன் கிறுகியும் பார்க்கவில்லை.
நல்ல போன் லாப்பில், குளிர்பெட்டிக்குப் பக்கத்தில்,
நூறு வீதம் நிரம்பிக் கிடக்கும்.
றோட்டின் நடுவே யானை லத்தி.
மழையிலும் ஆவி பறந்தது.

காலுறையை உரித்தேன்.
முதுகு வீங்கி, மூடி நகமளவு விலகி,
பதினொரு வீதம்.
பூட்டு இலக்கம் கேட்டது.
பிறந்த ஆண்டு இல்லை.
கார் நம்பர் இல்லை.
வேலைக்குச் சேர்ந்த ஆண்டும் இல்லை.
ஐந்தாம் பிழைக்கு
முப்பது செக்கன் பொறு என்றது.
யானையை நினைக்கக்கூடாது என்று
முப்பது செக்கனும் நினைத்தேன்.

கீழே, சின்ன எழுத்தில், அவசரம்.
தொட்டேன்.
பொலிஸ். அம்புலன்ஸ்.
மறுகா
நானே எப்போதோ எழுதிவைத்த ஒரே பெயர்:
தவமலர் அக்கா.

பொலிஸைத்தான் முதலில் எடுத்தேன்,
பொய் சொல்லவில்லை.
ஒருவரும் தூக்கவில்லை.
எட்டு வீதம்.

மூன்றாம் மணியில் எடுத்தாள்.
ஹலோ இல்லை.
‘என்னகா, காருக்கு என்ன?’

மைல்கல்லைச் சொன்னேன்.
‘கண்ணாடிய ஏத்திட்டு உள்ளுக்கு இரி.
லைற்றப் போடாத.’
வெட்டிவிட்டாள்.

ஏழே முக்காலுக்கு அத்தான் வந்தார்,
லாண்ட்மாஸ்ரரும் நைலோன் கயிறும்.
அக்கா வரவில்லை.
ஒன்றும் கொடுத்தனுப்பவுமில்லை.
அவர் கிணற்றைப் பற்றிப் பேசாமலிருக்க
டயரைப் பற்றி நிறையப் பேசினார்.

அடுத்தநாள், நன்றி சொல்ல,
நல்ல போனில் எடுத்தேன்.
ஒரு மணி. அறுந்தது.
தடை அப்படியேதான்.
கார் நம்பரை மறந்துபோய்த் தடுக்காமல் விட்டாளா,
தெரிந்தே விட்டாளா?
கேட்பதென்றால் அந்தப் போனில்தான் கேட்கவேண்டும்.
அதற்குக் கார் மறுபடி விழவேண்டும்.

சனிக்கிழமை, மணிக்கூட்டுக் கோபுரத்துக்குக் கிட்ட
ஒரு கடையில் பற்றரி மாற்றக் கொடுத்தேன்.
ரிஸ்கான் என்ற பொடியன்
மூடியைக் கழற்றி மூக்கைச் சுளித்தான்:
‘இன்னும் ஒரு வெயிலுக்கு வெடிச்சிருக்கும்.
பூட்டையும் எடுத்துத் தரட்டா?
ரீசெட் அடிச்சா எல்லாம் அழிஞ்சு புதுசாகிரும்.’

வேணாம் தம்பி என்றேன்,
பூட்டினபடி இருக்கட்டும்.

என்னை ஒரு மாதிரிப் பார்த்தான்.
ஆயிரத்தெண்ணூறு வாங்கினான்.

இப்போது அதற்கு
இரண்டு காலுறை.