ஆறு முட்டைகள்

எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியைத் திருகினேன்.
அடியில், ஆறிய காப்பியின் மேல் படியும் ஆடைபோல்
வெளிறிய பழுப்பில் ஒரு பசை.
எண்ணெயும் தண்ணீரும் சேராதாம்.
சேர்ந்திருந்தன.

பிஷ்கெக்கின் கராஜ் வரிசையில் எழுபத்தாறாம் எண்.
வெளியே மைனஸ் பதினொன்று.
வாங்கிப் பத்தொன்பது நாளே ஆன பழைய ஆடி,
என்னைவிட இரண்டு வயது இளையது.
ஒன்று, இரண்டு, நான்கு, ஐந்து, மூன்று என்று
முறைவைத்து வெடிக்கும் ஐந்து சிலிண்டர்.
நொண்டியாடும் பிள்ளையின் காலடிபோல்
அந்தத் தாளம் எனக்குப் பிடிக்கும்.
அதற்காகத்தான் வாங்கினேன் என்றால்
தங்கை குல்பைரா சிரிப்பாள்,
கடன் கொடுத்தவள் அவள்.

அமுக்கமானியை வரிசையாகச் செருகிப் பார்த்தேன்.
பதினொன்று. பதினொன்று. நான்கு. நான்கு. பத்தரை.
மூன்றாவதும் நான்காவதும் இடையில் சுவரின்றி
ஒன்றின் மூச்சை ஒன்று வாங்கிக்கொண்டிருந்தன.
சைலன்சரில் வெள்ளைப் புகை,
பாகு காய்ச்சுகிற வீட்டு வாசனை.
இனிப்பாய் மணக்கும் புகை
நல்ல சேதி கொண்டுவருவதில்லை.

ரேடியேட்டரின் கீழ்க்குழாயைக் கழற்றினால்
பச்சை நீரோடு
நூல் நூலாய் வெள்ளையாய் ஏதோ வழிந்தது.
ரப்பரோ என்று எடுத்தேன். விரலில் நசுங்கியது.
எழுபத்தேழாம் எண் சடிபால்டி
தேநீர்க் கிண்ணத்தோடு வந்து குனிந்தான்.
"முட்டை. நன்றாக வெந்திருக்கிறது.
உப்புதான் போடவில்லை."

விற்றவனுக்குப் போன் போட்டேன்.
எசென்குல், தலாஸில் பீன்ஸ் பயிரிடுகிறவன்.
திட்டுவதற்கு நாலைந்து சொற்களைத் தீட்டி வைத்திருந்தேன்.
அவன் மறுக்கவே இல்லை.
தோ-அஷூ கணவாயில், சுரங்கத்துக்கு முன்னால்,
ஒரு கல் தெறித்து ரேடியேட்டரில் ஊசித் துளை.
இருட்டு. பனி. பின்னிருக்கையில்
சந்தைக்குப் போகிற முட்டை, பத்துத் தட்டு.
"ஆறு உடைத்து ஊற்றினேன். ஒழுகல் நின்றது.
வீடு வந்து சேர்ந்தேன். வேறென்ன செய்வது?"
விற்கும்போது சொல்லவில்லையே.
"நீ கேட்கவில்லையே."

உண்மைதான்.
ஓடிய கிலோமீட்டர் கேட்டேன், பெயின்ட் கேட்டேன்,
இடித்ததா என்று கேட்டேன்.
முட்டை போட்டாயா என்று
எந்த ஊரில் யார் கேட்பார்கள்?

கொதிநீரில் வெந்த வெள்ளைக்கரு
துளையைத் தேடிப் போய் அடைத்தது.
துளையோடு நிற்க அதற்குத் தெரியாது.
நீர் ஓடும் மெல்லிய குழல்களையும் அடைத்தது.
நீர் சுற்றவில்லை. சூடு ஏறியது.
தலைப்பகுதி இம்மி வளைந்தது. கேஸ்கெட் கருகியது.
கணவாயில் அவனைக் காப்பாற்றியதுதான்
என் கராஜில் மெல்ல மெல்லக் கொன்றுகொண்டிருந்தது.
கோபம் எங்கே இறக்கிவைப்பதென்று தெரியாமல்
ஸ்பானரைத் துடைத்தேன்,
ஏற்கனவே துடைத்த ஸ்பானரை.

தலையைக் கழற்றிக் கடைசலுக்குக் கொடுத்தேன்.
ரேடியேட்டர் புதிது: குல்பைராவிடம் இரண்டாம் கடன்.
நீர்வழிகளை மூன்று முறை அலசினேன்,
மூன்றாம் முறையும் ஒரு வெள்ளை நூல் வந்தது.
நான்காவதாக அலசினேன்.

புதிய போல்ட்டுகள் பன்னிரண்டு.
நடுவில் தொடங்கி ஓரத்துக்கு,
முதல் சுற்றில் நாற்பது, அடுத்து அறுபது,
பிறகு ஒவ்வொன்றுக்கும் அரைவட்டம்.
அந்த அரைவட்டத்தில் இரும்பு முனகும்.
உடையுமோ என்று வயிறு கலங்கும் இடத்தில்தான்
அது சரியாக இறுகுகிறது.
பன்னிரண்டு முறை கலங்கினேன்.

சாவியைத் திருப்பினேன்.
இருமியது. நின்றது. மறுபடி.
ஒன்று, இரண்டு, நான்கு, ஐந்து,
மூன்று.
புகையை முகர்ந்தேன்: வெறும் புகை.
வெப்ப ஊசி ஏறியது, ஏறியது,
நடுக்கோட்டில் உட்கார்ந்துகொண்டது.
இருபது நிமிடம் அதையே பார்த்தேன்.
சடிபால்டி பேசினான், என்னவென்று காதில் விழவில்லை.

பானெட்டின் உட்புறத்தில், வெள்ளை மார்க்கரால்,
தேதியும் கேஸ்கெட்டும் எழுதினேன்.
அதன் கீழே:
"இதற்குள் ஆறு முட்டை இருந்தது.
எடுத்துவிட்டேன், அநேகமாக."

சனிக்கிழமை தலாஸிலிருந்து வந்த டாக்சியில்
எனக்கென்று அரை மூட்டை பீன்ஸ் இறக்கினார்கள்.
சீட்டு இல்லை, பெயர் இல்லை.
கால் மூட்டை குல்பைராவுக்குப் போனது.
வட்டி என்றேன்.