நாற்பது நொடி முன்னால்

வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டரை.
அடுப்பில் பயறு.
உப்பு டப்பாவில் சாய்ந்து நிற்கிறது கைபேசி.
நால்வர் பேசுகிறோம்,
ஒருவர் வார்த்தையை ஒருவர் மிதித்துக்கொண்டு.

"நாளைக்கு என்ன திட்டம்?"
ஆரம்பிப்பது எப்போதும் யெர்கோதான்.
தெற்குக் கோடியில், புந்தா அரேனாஸில்,
அவனுக்குத் திட்டம் என்று ஒன்றும் கிடையாது;
காற்றுக்குத்தான் உண்டு.
"பிடிச்சு நடக்கத் தெருவில் கயிறு கட்டிட்டாங்க.
ரொட்டிக் கடை போய்த் திரும்பினா
அதுவே எனக்குச் சுற்றுலா."

தெமூக்கோவிலிருந்து நவெல்:
"சனிக்கிழமை தூக்கம்.
ஞாயிறு, விட்ட இடத்திலிருந்து."
பிறகு விறகு விலை.
ஈர விறகை விற்றவனை அவன் திட்டும் அழகுக்கே
இன்னும் இரண்டு கட்டு வாங்கிக் கொடுக்கலாம்.

செய்தி வாசிப்பது ஒவாயே ஊர் இஸ்மேனியா.
"பாலம் திறந்தாச்சு. ஆறுதான் இன்னும் வரலை."
"வட்டி குறையுமாம்."
யாருக்கு?
"அதைச் சொல்லலை."
"முட்டை மறுபடி ஏறிடுச்சு. முப்பது வாங்கிட்டேன்,
பீரோவில் வச்சுப் பூட்டலாமான்னு பார்க்கிறேன்."

ஆறு வருடம் ஆகிறது.
பழைய தையல் இயந்திரத்துக்கு ஒரு திருகு தேடிப்போய்
ஒட்டிக்கொண்டவர்கள் நாங்கள்.
திருகு கிடைக்கவில்லை.
இஸ்மேனியா சிரிக்கும் சத்தம் எனக்குத் தெரியாது.
"ஹஹ" என்று இரண்டோடு நிறுத்துவாள்;
மூன்றாவது ஹ-வை அவளிடம் வாங்கியவர் யாருமில்லை.

எட்டு நாற்பத்தொன்று.
வாரக்கடைசி பற்றி நானும் ஏதோ எழுதிக்கொண்டிருந்தேன்.
அவளிடமிருந்து ஒற்றைச் சொல்:

"ஆடுது"

இந்த நாட்டில் அதற்கு எழுவாய் தேவையில்லை.

சொல் உடனே வந்துவிட்டது.
மண்வழி வருவது மெல்லத்தான் வரவேண்டும்,
வல்பரைசோ வரைக்கும்.
நடுவில் எனக்கென்று நாற்பது நொடி.
அடுப்பை அணைத்தேன்.
பயற்றுச் சட்டியைத் தரையில் வைத்தேன்.
இடது செருப்பை வலது காலில் மாட்டிக்கொண்டு
மாடிப்படியைப் பார்த்துக் கத்தினேன்:
"தோன் எலியோதோரோ, வருது!"
"யாரு?" என்றார்.

அப்புறம் செய்ய ஒன்றுமில்லை.
கூடத்து நடுவில் நின்று விளக்கையே பார்த்தேன்.
அசையவில்லை.
அசையவில்லை. பொய் சொன்னாளோ என்றுகூட ஒரு கணம்.
அசைந்தது.
அலமாரியில் கோப்பைகளுக்குப் பற்கள் தந்தியடித்தன.
குன்று முழுக்கத் தகரச் சுவர்கள் உதறிக்கொண்டன,
நாய்கள் பிந்திக் குரைத்தன.

ஆறு வருடத்தில் ஒருமுறைகூட
நாங்கள் கை குலுக்கியதில்லை.
அவளைக் குலுக்கியது
என்னையும் குலுக்கிவிட்டுப் போயிற்று.

நவெல்: "இங்கே விளக்கு மட்டும், லேசா."
யெர்கோ: "எனக்கு ஒண்ணுமில்லை."
உடனே, குற்றம் செய்தவன் மாதிரி: "காற்றுதான்."
இஸ்மேனியா எழுதவில்லை.

யெர்கோ ஒரு நகைச்சுவை எழுதி அழித்தான்;
அழித்த தடம் மட்டும் கிடந்தது.
தொலைக்காட்சியில் அவள் ஊர்மேல் சிவப்பு வட்டம்,
பக்கத்தில் ஓர் எண்.
செய்தியாளரை நான் நம்பவில்லை.
எங்களுக்குச் செய்தி வாசிக்கிறவள் வேறு.

பதினொரு நிமிடம்.
தரையில் பயறு ஆறியது.

மூன்று புள்ளிகள் துடித்தன. நின்றன. துடித்தன.

"கரண்ட் இல்லை. சுவரில் இருக்கிறது பழைய விரிசல்தான்.
நாலு முட்டை போச்சு.
பூட்டியிருந்தா பிழைச்சிருக்கும்.
ஹஹஹ"

மூன்று. எண்ணிப் பார்த்தேன்.

கதவைத் தட்டி எட்டிப் பார்த்தார் எலியோதோரோ,
"வந்தவங்க போயாச்சா?"
கையில் பாதி ஒயின் பாட்டில்.

"சரி, அப்ப நாளைக்கு என்ன திட்டம்?" என்றான் யெர்கோ.
என் பாதி வாக்கியம் அப்படியே காத்திருந்தது:
"ஞாயிற்றுக்கிழமை சந்தையில் திரைச்சீலைத்"
துணி என்று சேர்த்து
அனுப்பினேன்.