இடக்கணுக்கால்

ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி. டோக்கன் நூற்றுப் பதினாறு.
எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தபடி
டாக்டர் கேட்டார்: ‘ஸ்கூட்டியா?’
ஸ்கேட்டிங் என்றேன்.
‘ரேஸா?’
இல்லை டாக்டர், இது ஆட்டம்.
பின்னால் போய்க்கொண்டே எழும்பி
ஆகாயத்தில் இரண்டு சுற்று சுற்றி
ஒற்றைக் காலில் வந்து இறங்க வேண்டும்.
அவர் சீட்டில் எழுதினார்:
வழுக்கி விழுந்தார்.

பாளையங்கோட்டையில் எங்கள் தளத்துக்குக் கூரை கிடையாது.
வைகாசியில் செங்கோட்டைப் பக்கமிருந்து கிளம்புகிற காற்று
ஆவணி வரை ஓயாது.
மணலைக் கூட்டித் தள்ளிவிட்டுச்
சக்கரம் மாட்டுவதற்குள் மறுபடி மணல்.
மேற்கே ஒரு விரற்கடை சாய்ந்து எழும்பினால்
காற்றே நிமிர்த்தி நேரே இறக்கிவிடும்.
யாரும் சொல்லித் தரவில்லை.
விழுந்து விழுந்து இடுப்பு கண்டுபிடித்தது.

சபூரா ஓரமாக நின்று எண்ணுவாள்:
‘ஒண்ணே முக்கா. ஏட்டி, கால் சுத்தை எங்க போட்ட?’
மாநிலத்துக்கு ஒரே இடம்.
புள்ளி நான்கில் அது எனக்கு வந்தது, அவளுக்கு இல்லை.
இரண்டு நாள் தளத்துப் பக்கம் அவளைக் காணோம்.
மூன்றாம் நாள் வந்து
என் எட்டுச் சக்கரத்தில் தேய்ந்த மூன்றைக் கழற்றி
தன்னுடையதை மாட்டினாள்.
‘ஜெயிச்சா திருப்பித் தா. தோத்தா புதுசு வாங்கித் தா.’

பூட்ஸ், அம்மையின் இரட்டைவடச் சங்கிலி.
அடித்தட்டு, அதன் மேல் வாங்கிய கடன்.
ரயிலுக்கு மார்க்கெட்டில் மூன்று மீன்காரிகள்
சீட்டுப் பணத்தை முன்கூட்டியே எடுத்துக் கொடுத்தார்கள்.
ஆட்ட உடுப்பில் பாசி கோத்தது நான்தான்,
காஸ்டிங் புத்தகத்தின் மேல் விரித்து.
இரண்டு நீலப் பாசி இன்னும் அதன் முதுகுத் தையலுக்குள் கிடக்கிறது.
வருகைப் பதிவு அறுபத்தொன்று சதவீதம்.

வடக்கே அந்த ஊரில் உள்ளரங்கம்.
மரத்தளம். முகம் தெரிந்தது.
ஒரு பொட்டு மணல் இல்லை.
காற்றும் இல்லை.
மேற்கு எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியவில்லை.
உடம்புக்குத் தெரிந்திருந்தது.

ஒரு விரற்கடை.

திரும்பி வந்த விடியலில் அம்மை
உவரி வண்டியில் வந்த ஐஸைச் சாக்கில் போட்டு உடைத்துக்
காலைச் சுற்றிக் கட்டினாள். சாளை மணம்.
‘டிவியில காட்டுதானே, ஐஸ் மேலயே ஆடுத பிள்ளைய.
அதுகளுக்குக் கால் விறைக்காதா?’
தெரியாதும்மா. நான் ஐஸ் மேல நின்னதே இல்ல.
‘போன இடத்துல சங்கிலியைப் பத்தி நினைச்சுக்கிட்டே ஆடுனியா?’
அதற்கு நான் பதில் சொல்லவில்லை.
கடைக்கு நேரமாகிவிட்டது.
மிச்ச ஐஸைப் பெட்டியில் பரப்பி
மேலே மீனை அடுக்கத் தொடங்கினாள்.

ஆடி பத்து. அரியர் தேர்வு.
மாவுக்கட்டுக் காலை நடைவழியில் நீட்டி உட்கார்ந்தேன்.
வருகிற போகிறவர்கள் தாண்டிப் போனார்கள்.
ஏழாம் கேள்வி: ஓர் இயந்திரத்தின் விலை நான்கு லட்சம்.
ஆயுள் எட்டு ஆண்டு.
முடிவில் பழைய இரும்பாக நாற்பதாயிரத்துக்குப் போகும்.
நேர்கோட்டு முறையில் ஆண்டுத் தேய்மானம் காண்க.

நாற்பத்தையாயிரம். இரண்டு வரியில் வந்துவிட்டது.
பேனா மட்டும் மேலே போகவில்லை.
பதினொரு வயதில் சக்கரம் கட்டினேன். இப்போது பத்தொன்பது.
நடுவில் ஒரு தடவை உடைந்து
பழுது பார்த்து மறுபடி ஓட்டினால்
ஆயுளை எங்கிருந்து எண்ணுவது?
அதைக் கேட்கவில்லை. இருந்த மார்க் ஐந்துதான்.

படாரென்று மேற்கு ஜன்னல் திறந்தது.
யாருடைய ஹால் டிக்கெட்டோ கரும்பலகை வரை பறந்தது.
‘அந்தக் கதவைச் சாத்துங்கம்மா யாராவது!’
என் பக்கத்து ஜன்னல்தான்.
வலது காலை ஊன்றி எழுந்தேன்.
முகத்தில் அறைந்தது காற்று,
மணலும் கொஞ்சம்.
கொக்கியைப் பிடித்தபடி அப்படியே நின்றேன்.

‘சாத்தியாச்சா?’

சாத்துதேன் மிஸ்.