நான்கு நொடி

கூட்டணி என்று எழுதினேன். அடித்தேன்.
தேர்தல் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை,
சிரிப்பார்கள்.

திரையில் மூன்று ஆண் சிங்கங்கள்,
ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.
ஐந்து மழையாக ஆண்டுவரும் நிலத்தின் வடக்கு ஓரத்தில்
புதர் புதராக நின்று மூத்திரம் பெய்கின்றன.
‘மூத்திரம் வேண்டாம் மேடம்’ என்றார் கம்பெனிக்காரர்,
‘எல்லை குறிக்கின்றன, அது போதும்.’

பங்காளிகள் என்று எழுதினேன்.
தன் வீட்டுக்கு வந்ததுபோல
உட்கார்ந்துகொண்டது சொல்.
எங்கள் பக்கம் அதற்கு விளக்கவுரை வேண்டாம்:
ஒரே கோயில், ஒரே வளவு,
சிவகங்கை கோர்ட்டில் எட்டு வருஷமாக
ஒரே வழக்கு.

சிங்கத்தின் குரல் எட்டு கிலோமீட்டர் போகுமாம்.
செக்காலை ரோட்டில் இந்த மாடியறையிலிருந்து உறுமினால்
கோட்டையூரைத் தாண்டி எவனோ
சோற்றில் கைவைத்தபடி நிமிர்ந்து பார்ப்பான்.
அப்படி எழுத ஆசை.
ஆனால் வாக்கியம் நான்கு நொடிக்குள் அடங்க வேண்டும்.

ஆற்றைக் கடந்து இரண்டு பேர் வருகிறார்கள்.
இரண்டு பேர் என்றுதான் வருகிறது கைக்கு.
ஒருவனுக்குக் காது கிழிந்திருக்கிறது.
இருவருக்கும் தாய் வேறு, பிறந்த இடம் வேறு,
வழியில் சேர்ந்த சிநேகம்.
சண்டை பதினொரு நிமிஷம்.
அதற்கு மேளமாக ஏதோ போட்டிருக்கிறார்கள்,
எனக்கு வேலை இல்லை.
காப்பி போட்டுக் குடித்தேன்.
மூன்றில் ஒன்று நொண்டிக்கொண்டு
கிழக்கே போனது. மற்ற இரண்டும்
அதன்பின் படத்தில் இல்லை.

பிறகு கோரைக்குள் குட்டிகள்.
தாய் அங்கே போகாமல் எதிர்த்திசையில் நடக்கிறாள்,
பார்க்கிறவனை ஏமாற்ற.
காது கிழிந்தவன் ஏமாறவில்லை.
‘எட்டு மணி நிகழ்ச்சி, குடும்பத்தோட பார்ப்பாங்க,
கொஞ்சம் பதமா’ என்றிருந்தார் கம்பெனிக்காரர்.
ஆங்கிலக் குரல் பதமாகத்தான் சொல்கிறது:
இன்னொருவன் குட்டிகளுக்கு இங்கே இடமில்லை.

நாற்காலிக்குக் கீழே, பாயில்,
நாச்சியப்பன் தூங்குகிறான். ஆறு வயது.
ஆடுகிற பல் நாளைக்கு விழுந்துவிடும்.
மேஜையில் அவன் நோட்டு,
லேபிளில் பெயருக்கு முன்னால் அரு.மு.
அந்த எழுத்துகள் இந்த வீட்டுடையவை அல்ல.
அவன் அப்பா போன பதினேழாம் நாள்
சித்தப்பாமார் இரண்டு பேர் வந்து
சாவிக்கொத்தை என் எதிரிலேயே எண்ணினார்கள்.
பிள்ளையை விட்டுட்டுப் போகலாம் என்றார்கள்,
பீரோவைச் சொல்வதுபோல.

எனக்கும் வயிரவனுக்கும் கல்யாணமாகி எழுபது நாள்.
அவர் கோயில் வேறு, புள்ளி வேறு.
பையன் எந்தக் கணக்கில் என்று
யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை.
பந்தியில் இலை போட்டவர் மட்டும்
ஒரு கணம் நின்று, பிறகு போட்டார்.

பாட்டரிக் கடையைச் சாத்திவிட்டு
ஆசிட் வாடையோடு மேலே வந்தார்.
உறைந்து நின்ற படத்தைப் பார்த்தார்:
கோரைக்குள் தலை, வெளியே கிழிந்த காது.
‘யாரு இவன்?’
‘புதுசா வந்தவன்.’
மேற்கொண்டு கேட்கவில்லை.
குனிந்து பையனைத் தூக்கினார்.
கால் பட்டு நோட்டு விழுந்தது.
எடுத்தார். லேபிளைப் பார்த்தார்.
எழுத்து மேலே தெரியும்படி
நேராக்கி வைத்தார்.

ஹெட்போனைக் கழற்றிவிட்டு
படிகளை எண்ணினேன். பதினான்கு.
ஒன்பதாவதில் நின்றார்.
ஏன் நின்றார்?
தேவகோட்டைக் கடைசிப் பஸ் திரும்பும் சத்தத்தில்
ஒன்றும் கேட்கவில்லை.
பிறகு கதவு. பிறகு ஃபேன்.
ரெகுலேட்டர் இரண்டு முறை சொடுக்கியது.
மூன்றில் வைத்தால் பையனுக்கு மூக்கடைக்கும்.
அதை நான் அவரிடம் சொன்ன ஞாபகம் இல்லை.

படத்தை ஓடவிட்டேன்.
கோரை அசைகிறது, நான்கு நொடி.
அதற்கு நேரே
எதுவும் எழுதாமல் விட்டிருக்கிறேன்.
கம்பெனிக்காரர் கூப்பிட்டால்
காற்று என்று சொல்லிக்கொள்ளலாம்.