ஐடியல் கியர்

காசிமேட்டில் இதை ஐடியல் கியர் என்பார்கள்.
பில் போடும் நானும் மூன்று வருஷம்
அப்படித்தான் எழுதினேன்.
கம்பெனிப் பட்டியலில் ஐட்லர் என்றிருந்தது.
அகராதியில் பார்த்தேன்:
சும்மா இருப்பவன்.

தடைக்காலம். படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன.
பாக்கி கேட்கப் போனபோது
நாகூரான் படகின் எஞ்சினைப் பிரித்துச்
சாக்கில் பரப்பியிருந்தான் சாலமோன்.
டீசலில் கழுவிய சக்கரத்தைக் கையில் எடுத்தேன்.
கீழே கிராங்கு, மேலே கேம்,
நடுவில் இது.
எதையும் தூக்காது. எதையும் இழுக்காது.
யார் எத்தனை சுற்று என்ற கணக்கில்
இதன் பற்களை எண்ணுவதே இல்லை.

இது வேண்டாமென்று
அது ரெண்டையும் ஒட்டி வைத்தால்?

"வெச்சுப் பாரு.
அது இப்டிக்கா சுத்தும், இது அப்டிக்கா சுத்தும்"
என்றான், பீடியை எடுக்காமல்.

மற்ற சக்கரங்களில்
பல்லின் ஒரு பக்கம்தான் மினுங்குகிறது.
இதற்கு மட்டும் இரண்டு கன்னத்திலும் தேய்மானம்.
ஒரு பல் அடியோடு விண்டிருந்தது.

படகில் நாகூரானுக்குப் பாதி, தம்பி தேசிங்குக்குப் பாதி.
நான்கு வருஷமாகப் பேச்சில்லை.
வலை வாங்கிய தகராறு என்பார்கள்,
அதற்கும் முந்தியது என்பார்கள்.
ஆனாலும் படகு போகிறது, வருகிறது,
ஏலக்காசு பிரிகிறது.
"அந்த நாய் ஐஸ் போட்டாத்தான்
நான் டீசல் போடுவேன்னு சொல்லு" என்பான் அண்ணன்.
தங்கை அம்சா மாடியேறிப் போய்ச் சொல்வாள்:
"டீசல் அண்ணன் பாத்துக்குதாம்.
ஐஸு உன்னால முடியுமான்னு கேக்குது."

கணக்கெடுக்க வந்தவர்
என்ன வேலை என்று கேட்டபோது நானும் இருந்தேன்.
சும்மாத்தான் இருக்கேன் என்றாள்,
மீன் செதிலை முழங்கையில் துடைத்துக்கொண்டு.

புது கியருக்குப் பணம் கொண்டுவந்தவளும் அவள்தான்.
முந்தானையில் ஒரு முடிச்சு,
கைக்குட்டையில் ஒரு முடிச்சு.
ஒன்றோடொன்று கலக்காமல் எண்ணி வைத்தாள்.

இந்த முறை சரியாக எழுத வேண்டும் என்றிருந்தேன்.
விரல் தானாக ஐடியல் என்றே அடித்தது.
அழிக்கவில்லை.

"ரெண்டு பில்லாப் போடுக்கா" என்றாள்,
"ஆளுக்கு ஒண்ணு கேப்பாங்க."

அரை கியர் என்று போட
கடைக் கம்ப்யூட்டரில் வழியில்லை.
பழைய பில் புத்தகத்தைத் தேடி எடுத்து
நடுவில் கார்பன் வைத்தேன்.