புளியரை எடைமேடை, இரவு 2.10

வைக்கோல் லாரி ஏறி நின்றதும்
கேமரா ஒரு படம் எடுக்கும்.
நான் எழுதிய பதினொரு வரி
அதை எங்கோ இருக்கும் வாளியில் போடும்.
சாரலில் லைன் அறுந்தால்
லைப்ரரியே மூன்று தடவை முயலும்.
நான் டீ குடிக்கலாம்.

புளியரை / ஜூலை / வண்டி எண்.
ஃபோல்டர் மாதிரித் தெரியும். கிடையாது.
சாய்கோடும் பெயரில் ஓர் எழுத்துதான்,
கோட்டைவாசலுக்கு அந்தப்பக்கம் கேரளா என்பதுபோல.
மூடுபனிக்கு ரெண்டும் ஒன்று.

ஆரியங்காவு ஷிபின் இறங்கி வந்தான்.
நேற்றைய படத்தில் அவனுக்குப் பக்கத்தில்
மஞ்சள் துப்பட்டா.
'அதொன்னு களையாமோ, சேச்சி?'
நாற்றுக்கு நடுவே புல்லைச் சொல்வதுபோல் சொன்னான்.

பெயரைக் கொடுத்து அழிக்கச் சொன்னேன்.
204.
நடந்தது, சொல்ல ஒன்றுமில்லை என்று அர்த்தம்.
கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனான்.

முதலாளி வெர்ஷனிங் போட்டு வைத்திருக்கிறார்.
அழித்தது மேலே ஒரு முத்திரை மட்டும்.
அடியில் துப்பட்டா அப்படியே.

வண்டி எஸ் வளைவு ஏறும் சத்தம் தேய்ந்தபின்
பழைய பதிப்பின் எண்ணைக் கேட்டு வாங்கினேன்.
முப்பத்திரண்டு எழுத்து. ஒட்டினேன்.
விரல் என்டர்மேல் இருக்கையில்
எம்-சாண்ட் லாரி ஹாரன் அடித்தது.

முப்பத்தோரு டன்.
படம் போய்க்கொண்டிருக்கிறது.